வருகைப் பதிவேட்டோடு மல்லுக்கட்டும் தங்கச்சிக்கு

கேள்வி:

அன்புள்ள அக்கா, என் ஊர் களுவாஞ்சிக்குடி. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படித்துவிட்டு, மட்டக்களப்புப் பக்கம் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் மனிதவளப் பிரிவு உதவியாளராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. வந்தாறுமூலையில் படித்ததெல்லாம் ஊழியர் ஊக்கம், திறன் மதிப்பீடு, தலைமைத்துவம். இங்கே செய்வதோ வருகைப் பதிவு, லீவுப் படிவம், ஓ.டி. (மேலதிக நேர வேலை) கணக்கு. காலையில் கைரேகை மெஷினின் அறிக்கையை எடுத்தால் பின்னேரம் வரை அதோடுதான் சீவியம். "அரசாங்க நியமனம் வரும், இந்த ஃபெக்டரி வேலையை விட்டுப்போட்டு வீட்டில் இரு" என்கிறா அம்மா. கூடப் படித்தவர்கள் கொழும்புக்கு வரச்சொல்கிறார்கள். கோயிலடியில் கண்டால்கூட ஊர்ச்சனம் "என்ட பிள்ளைக்கும் ஒரு வேலை போட்டுத் தா மகள்" என்று மறித்து நிற்கிறது. இந்தத் துறையில் எனக்கு வளர்ச்சி உண்டா? எந்தக் கோர்ஸ் படித்தால் நல்லது?

பதில்:

தங்கச்சி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் முதல் மேசை ஞாபகம் வந்தது. 2003இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் ஒரு ஃபெக்டரியில் டைம் கீப்பராகச் சேர்ந்தேன். மேசை என்பது பேருக்குத்தான். கேட்டடியில் காவல்காரரோடு பங்குபோட்ட ஒரு பலகை. உயர்தரம் மட்டும்தான் படித்திருந்தேன். தெரிந்த சிங்களம் "எண்ட" (வர), "யண்ட" (போக) அளவு. விடிய ஏழு மணிக்கு கார்ட் அடிக்க வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பார்த்தே தொழிலைப் படித்தேன். இன்றைக்கும் ஒரு புதுத் தொழிற்சாலைக்குப் போனால் முதலில் வருகைப் பதிவைத்தான் கேட்டு வாங்குவேன், மனேஜர் போட்டுக் காட்டும் படங்களை அல்ல.

ஆகவே உங்களுக்குப் பிடிக்காததையே முதலில் சொல்கிறேன். அந்தப் பதிவை இன்னும் ஒரு வருடமாவது பாருங்கள். ஆனால் இப்போது பார்க்கிற மாதிரி வேண்டாம். யார் வரவில்லை என்று எண்ணி மேலே அனுப்புவதை மெஷினே செய்யும். ஏன் வரவில்லை என்பதை அது சொல்லாது.

எங்கள் மாவட்டத்திலேயே ஒரு தொழிற்சாலையில் இருந்தபோது, "இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சோம்பேறிகள், சம்பளம் கண்டதும் லீவு போடுகிறார்கள்" என்று தலைமை அலுவலகத்தில் ஒரு பேச்சு. எனக்குச் சுருக்கென்றது. மூன்று மாத வருகையை எடுத்து, ஊழியர்கள் வருகிற பஸ் வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். பெரும்பாலான லீவு ஒரே ஒரு பஸ்ஸில் வருகிறவர்களுடையது. விசாரித்தால், அந்தச் சாரதி குறுக்கு வழி பிடிப்பதற்காக ஒரு கிராமத்துச் சந்திக்குள் போகாமல் பெரிய தெருவிலேயே நிறுத்திக்கொண்டிருந்தார். மாரியில் வயல்வெளித் தெரு தண்ணீருக்குள். விடிய ஐந்தரைக்கு இருட்டில், முழங்காலளவு தண்ணீரில், எந்தத் தாய் தன் பிள்ளையைத் தனியே அனுப்புவாள்? பஸ் பழையபடி சந்திக்குள் போகத் தொடங்கியது, லீவும் குறைந்தது. சோம்பேறித்தனம் என்ற பேச்சு அதோடு நின்றுவிட்டது என்று எழுத ஆசைதான். நிற்கவில்லை. ஆனால் என் மேசைக்கு வருமுன் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பேசினார்கள்.

நீங்களும் அப்படிப் பிரித்துப் பாருங்கள். பஸ் வாரியாக, லைன் (தையல் மெஷின் வரிசை) வாரியாக, கிழமை வாரியாக. ஒரே லைனில் மட்டும் திங்கட்கிழமைகளில் ஆள் குறைந்தால் பெரும்பாலும் அது சூப்பர்வைசரின் வாயால் வரும் வினை. மாசி, பங்குனியில் குறைந்தால் பெரும்போக அறுவடை. எங்கள் ஒப்பரேட்டர் பிள்ளைகளில் பாதிப்பேர் வீட்டில் வயல் உண்டு, இல்லாவிட்டால் பக்கத்து வயலில் கூலி உண்டு. ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம். நோன்பு மாதத்தில் ஏறாவூர், காத்தான்குடிப் பிள்ளைகளுக்குப் பின்னேர ஓ.டி. சரிவராது. கொழும்பில் போடும் உற்பத்தித் திட்டத்தில் இதொன்றும் இருக்காது. இந்த ஊரில் பிறந்த உங்களுக்கு எல்லாம் தெரியும். வருடம் முழுவதற்கும் எந்தக் கிழமையில் எத்தனை பேர் குறையக்கூடும் என்று ஒரு தாளில் போட்டு, ஒரு மாதம் முந்தியே உற்பத்தி மனேஜரின் மேசையில் வையுங்கள். இரண்டு தரம் உங்கள் கணக்குச் சரிவந்தால், மூன்றாவது தரம் திட்டம் போடும் கூட்டத்துக்கே உங்களைக் கூப்பிடுவார்கள். பல்கலைக்கழகத்தில் மனிதவளத் திட்டமிடல் என்று ஒரு பாடம் வந்திருக்குமே, அது இதுதான்.

அடுத்தது சம்பளம். மென்பொருள் தருகிற சம்பளத் துண்டை அப்படியே நம்பாமல், மாதம் ஒருவருடைய சம்பளத்தையாவது கையால் போட்டுப் பாருங்கள். ஊழியர் சேமலாப நிதியத்துக்கு (ஈ.பி.எஃப்.) ஊழியரிடம் 8 வீதம், கம்பனி 12 வீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்குக் கம்பனி மட்டும் 3 வீதம். இதற்கு எடுக்கிற சம்பளம் 40,000 ரூபா என்றால் பிள்ளையின் கையிலிருந்து 3,200 போகிறது, கம்பனி அதற்கு மேல் 4,800உம் 1,200உம் கட்டுகிறது. ஓ.டி. காசு இந்தக் கணக்குக்குள் வராது. இது தெரியாமல் "ஓ.டி. இவ்வளவு செய்தேனே, ஏன் ஈ.பி.எஃப். கூடவில்லை" என்று கேட்டு வருவார்கள். சினக்காமல் விளங்கப்படுத்துங்கள். தன் சம்பளத் துண்டை வாசிக்கத் தெரிந்த ஊழியர் வதந்தியை நம்பமாட்டார். சம்பள நாளன்று சாப்பாட்டு மண்டபத்தில் அரை மணி நேரம் போய் இருந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பாருங்கள், அடுத்த மாதம் உங்கள் அறை வாசலில் நிற்கும் வரிசை பாதியாகும்.

சட்டங்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஆனால் எது யாருக்கு என்று தெரிய வேண்டும். ஒரே கூரையின் கீழ் வேலை செய்தாலும் மெஷினில் இருப்பவர் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்துக்குள், அலுவலகத்தில் இருக்கும் நீங்கள் 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டத்துக்குள். அலுவலகத்தாருக்கு இருக்கிற 7 நாள் கெசுவல் லீவு அந்தச் சட்டத்திலிருந்து வருகிறது. "அலுவலகத்தாருக்கு ஒரு நீதி, எங்களுக்கு ஒரு நீதியா" என்று ஒரு பிள்ளை கேட்டால், ஏன் அப்படி என்று சொல்ல உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிரசவ விடுமுறையும் அப்படித்தான். முந்தி மூன்றாவது பிள்ளை என்றால் 42 நாள்தான். 2018 திருத்தத்தின் பிறகு எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள். இன்னமும் பழைய கணக்கைச் சொல்லித் திரிகிற சூப்பர்வைசர்களை நான் கண்டிருக்கிறேன்.

பணிக்கொடைக் கதை ஒன்று. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாத இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதக் காசு. தானாக விலகினாலும் உண்டு. ஒரு நாள் ஒரு பிள்ளை கல்யாணம் என்று விலகல் கடிதத்தோடு வந்தாள். கோப்பைத் திறந்தால் ஐந்து வருடத்துக்கு இன்னும் மூன்று கிழமை. அன்றைக்கு அந்தக் கடிதத்தை வாங்கியிருந்தால் ஐந்து வருட உழைப்புக்கு ஒரு சதமும் கிடைத்திருக்காது. "லீவு மிச்சம் கிடக்குது, அதை எடு, கல்யாணத்தை முடி, மறுகா வந்து கடிதத்தைத் தா" என்று திருப்பி அனுப்பினேன். அது மேலே தெரிந்து, "நீ கம்பனியிலா சம்பளம் எடுக்கிறாய், அவளிடமா?" என்று ஒருவர் கேட்டார். அன்றைக்கு வாயடைத்துப் போய் நின்றேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் பதில் வந்தது, எப்போதும் போல. அவளுடைய தங்கையும் மச்சாளும் அதே லைனில் இருந்தார்கள். மூன்று கிழமையால் காசை இழந்து அவள் போயிருந்தால், அவர்கள் இருவரும் எத்தனை நாள் நின்றிருப்பார்கள்? தைக்கத் தெரிந்த ஒப்பரேட்டர் ஒருவரை இழந்து, புதியவரைப் பிடித்துப் பழக்கி, அவர் டார்கெட்டுக்கு வரும்வரை ஆகும் செலவைப் போட்டுப் பார்த்தால் அந்தப் பணிக்கொடை பெரிய காசில்லை. இப்படிக் கணக்காகச் சொல்லப் பழகுங்கள் தங்கச்சி. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அந்தப் பாஷைதான் விளங்கும்.

எனக்கு இன்னமும் மனம் ஆறாத ஒன்று கடிதங்கள். ஒரு கம்பனியில், பெயர் வேண்டாம், தமிழ்ப் பிள்ளைகளுக்கு எச்சரிக்கைக் கடிதங்களை ஆங்கிலத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளும் சம்பளக் கடிதம் என்று நினைத்துக்கூடக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பிறகு விசாரணையில் "எனக்கு விளங்கவில்லை" என்று சொன்னால் கம்பனியின் கடதாசி முழுக்க ஆட்டம் காணும். வேலையிலிருந்து நிறுத்துவது பற்றிய 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தை உங்கள் மனேஜரைவிட நீங்கள் நன்றாகப் படித்து வையுங்கள். 15 பேருக்குக் குறையாத இடத்தில், 180 நாள் வேலை செய்த ஒருவரை ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளரின் முன்னனுமதி வேண்டும். ஒழுக்காற்றுக் காரணம் என்றாலும் அந்தக் காரணத்தை இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். "நாளையிலிருந்து வராதே" என்று கேட்டடியில் சொல்லி அனுப்புவதெல்லாம் பிறகு தொழில் நியாய சபையில் வந்து நிற்கும். அங்கே கோப்பைத் தூக்கிக்கொண்டு போகப்போவது சத்தம் போட்ட சூப்பர்வைசர் அல்ல, நீங்கள். அதனால் விளக்கம் கேட்கும் கடிதமோ எச்சரிக்கையோ, ஒரு நல்ல தமிழ்க் கடிதம் எழுத உங்களுக்குத் தெரியும் என்பதை மனேஜருக்குக் காட்டுங்கள். அந்தத் தொழிற்சாலையில் அது அபூர்வமான திறமையாக இருக்கலாம்.

சரி, கோயிலடி விஷயம். இதைச் சிரித்துக்கொண்டே படித்தேன், எனக்கும் அதே கதைதான். கொழும்பில் இருக்கும் எச்.ஆர். (மனிதவளப் பிரிவு) ஆளை வெள்ளவத்தையில் யாரும் மறிக்க மாட்டார்கள். இங்கே நீங்கள் யாருக்கோ மச்சாள், யாருக்கோ பெறாமகள். இல்லை என்று முகத்தில் அடித்தால் ஊரில் பகை, ஓம் என்று ஒருவரைப் போட்டால் நாளைக்கு ஊரே வரும். நான் கண்ட வழி, ஆள் எடுக்கும் நாளையும், என்ன என்ன கொண்டுவர வேண்டும் என்பதையும் எல்லாருக்கும் ஒரே மாதிரிச் சொல்லிவிடுவது. "செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு அடையாள அட்டையோடு கேட்டடிக்கு வரச்சொல்லுங்க மாமி, கைச்சோதனை இருக்கு, அதில் தேறினால் சரி." உறவுக்காரர் சோதனைக்கு வந்தால் நான் அந்த அறையில் இருப்பதில்லை. முதல் வருடம் முறைத்தார்கள். பிறகு பழகிவிட்டது.

உறவு இன்னொரு பக்கத்தாலும் கடிக்கும். யாருக்கு எவ்வளவு சம்பளம், யாருக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது, யார் கர்ப்பம் என்பதெல்லாம் உங்கள் கணினியில் இருக்கிறது. அம்மாவிடம்கூடச் சொல்லக் கூடாது. குறிப்பாக, ஒரு சூப்பர்வைசர் கைவைக்கிறார், அசிங்கமாகப் பேசுகிறார் என்று ஒரு பிள்ளை உங்களிடம் வந்து அழுதால், அது அன்று பின்னேரம் அவளுடைய பஸ்ஸில் கதையாக ஓடினால், உங்களிடம் இனி ஒருத்தியும் வரமாட்டாள். பாலியல் தொந்தரவு 1995இலிருந்து தண்டனைச் சட்டக் கோவையில் குற்றம். இரு பகுதியையும் கூப்பிட்டுச் "சமாதானமாகப் போங்கோ" என்று முடிக்கிற விஷயம் இல்லை. கேட்டதைத் திகதியோடு எழுதி, மூடிய உறையில் மேலதிகாரியிடம் கொடுத்து, எப்போது யாரிடம் கொடுத்தீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள்.

கோர்ஸ் பற்றிக் கேட்டீர்கள். உடனே ஒன்றும் வேண்டாம் என்பது என் எண்ணம். கையில் பட்டம் இருக்கிறது. முதலில் எக்ஸலை நன்றாகப் பழகுங்கள். தரவைப் பிரித்துத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிள் தெரிந்தால் நான் மேலே சொன்ன பஸ் கணக்கு பத்து நிமிட வேலை. அடுத்தது சிங்களம். தலைமை அலுவலகம், பையர் (ஆடைகளை வாங்கும் கம்பனி) சார்பில் சோதிக்க வரும் ஓடிட்டர்கள் முன்னால் ஆங்கிலம் போதும். ஆனால் பொறியியல் பிரிவு, ஸ்டோர்ஸ், சாரதிகள் எல்லாம் பெரும்பாலும் சிங்களத்தில்தான் ஓடும். நாளை அம்பாறைப் பக்கம் ஒரு நல்ல இடம் கிடைத்தால் அங்கே தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் ஒரே லைனில் இருப்பார்கள், மூன்று சமூகத்துக்கும் நடுவில் நிற்கும் ஆள் எச்.ஆர்.தான். இரண்டு வருடம் ஆனபிறகு சி.ஐ.பி.எம். என்ற மனிதவள நிறுவனத்தின் படிப்பைத் தொடங்குங்கள். 1959இல் தொடங்கிய நிறுவனம், நேர்முகத்தில் அந்தப் பெயருக்கு மதிப்பு உண்டு. இப்போதே சேர்ந்தால் அது உங்களுக்கு இன்னொரு பல்கலைக்கழகப் பாடம் போலத்தான் இருக்கும். கையில் கொஞ்சம் காயம் பட்ட பிறகு படித்தால் ஒவ்வொரு பாடத்திலும் ஒரு முகம் தெரியும்.

அம்மாவோடு சண்டை வேண்டாம். எங்கள் அப்பா தலைமுறைக்கு ஃபெக்டரி என்றால் வாழைச்சேனைக் காகித ஆலை, அந்தப் பக்கம் ஹிங்குராணச் சீனி ஆலை. இரண்டும் அரசாங்கத்துடையவை, இரண்டும் மூடிக் கிடந்த காலத்தையும் அவர்கள் கண்டார்கள். அதனால் கந்தோர் உத்தியோகத்தில்தான் அவர்களுக்கு நம்பிக்கை. வர்த்தமானியில் விளம்பரம் வந்தால் விண்ணப்பியுங்கள், அதில் வெட்கம் இல்லை, பென்ஷன் சின்ன விஷயமும் இல்லை. ஆனால் வீட்டிலிருந்து காத்திருக்காதீர்கள். நான்கு வருடம் வீட்டில் இருந்துவிட்டு வரும் பட்டதாரியின் விண்ணப்பம் என் மேசைக்கு வரும்போது எனக்கு மனம் கஷ்டமாக இருக்கும். எடுக்கவும் மாட்டேன்.

கொழும்பு? போகலாம், இப்போதல்ல. உதவியாளராகப் போனால் அங்கேயும் இதே கைரேகை அறிக்கைதான், மேலதிகமாக போர்டிங் வாடகை. இங்கே ஒரு ஆள் எடுப்பு, ஒரு உள்ளக விசாரணை, ஒரு ஓடிட், ஒரு சம்பள உயர்வுச் சுற்று, நான்கையும் முதலிலிருந்து கடைசிவரை பார்த்துவிட்டுப் போனால் எக்ஸிகியூட்டிவ் இடத்துக்கே கேட்கலாம். அதற்கு இன்னும் ஒன்றரை வருடம் போதும். மனேஜர் கதிரைக்கு எனக்குப் பதினான்கு வருடம் எடுத்தது. பட்டம் இருப்பதால் உங்களுக்கு அதில் பாதி எடுக்கலாம். சம்பளம் முதல் மூன்று வருடம் மெதுவாகத்தான் கூடும், அதற்கு ஆயத்தமாக இருங்கள். எங்கள் பக்கத்தில் ஆடைத் தொழிற்சாலைகள் மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்துப் பெரிய அரிசி ஆலைகள் சிலவற்றில் இருபது, முப்பது பேர் வேலை செய்கிறார்கள். ஆள் விஷயம் முழுவதையும் முதலாளியின் மகன் ஒரு கொப்பியில் பார்க்கிறார். பணிக்கொடைச் சட்டம் அவர்களுக்கும் உண்டு என்பது ஒருவர் விலகும் நாளில்தான் தெரியவரும்.

இன்னொன்று. இந்தக் கிழமையே உங்கள் தொழிற்சாலையில் இருக்கிற எல்லாருடைய அடையாள அட்டைப் பெயரையும் ஈ.பி.எஃப். பதிவில் உள்ள பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தொடங்குங்கள். தமிழில் சொன்ன பெயரைச் சிங்களம் தெரிந்தவர் கேட்டு ஆங்கிலத்தில் தட்டுவதால் தகப்பன் பெயர் முதலெழுத்தாகி, 'ழ' ஒன்று 'ல'வாகி, அட்டை இலக்கத்தில் ஒரு எண் மாறிக் கிடக்கும். வேலையில் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. காசு எடுக்கப் போகும் நாளில்தான் தொழில் அலுவலகத்துக்கும் பழைய கம்பனிக்கும் இடையே அலைச்சல் தொடங்கும். உங்கள் சொந்தக் கோப்பையும் மறக்காமல் பாருங்கள். கட்டுநாயக்கவில் எனக்குத் தந்த பி கார்டில் (ஈ.பி.எஃப். உறுப்பினர் அட்டை) என் பெயரில் ஒரு எழுத்துப் பிழை. டைம் கீப்பராக இருந்து எத்தனையோ பேருடையதைத் திருத்திக் கொடுத்த நான், என்னுடையதைப் பதினொரு வருடம் கழித்துத்தான் கண்டேன். அதைத் திருத்த மூன்று தரம் பஸ் ஏற வேண்டியிருந்தது.